மாப்பிள்ளை இட்ட ஏழு முட்டை

வலது தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரு கம்பியைச் சொருகிவிட்ட மாதிரி வலி. ஈர விரிப்பின் கனம் அப்படி. காய்ந்த விரிப்பை ஒரு கையால் மடித்து எறிந்துவிடலாம். நனைந்ததை மெஷின் வயிற்றுக்குள்ளிருந்து இழுத்து வண்டியில் போடும்போது அது நம்மை உள்ளே இழுக்கப் பார்க்கும். ஆஸ்பத்திரி விரிப்பு, லாட்ஜ் விரிப்பு, எல்லாம் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். காலை ஆறு மணியிலிருந்து மூன்று மணி வரை நான் இழுக்கிற ஆள். பதினோரு வருஷமாக இழுக்கிறேன்.

அந்தத் தோளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து கதவைத் திறந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கிளி கட்டிலுக்கு அடியிலிருந்து கிளம்பி நேராக என் முகத்துக்கு வந்தது. கையை உயர்த்தித் தடுக்கலாம் என்றால் கை ஏறவில்லை. வலது காது மடலைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

"மாப்ளே, விடுடா. அது நம்ம ஆளு," என்றார் என் வீட்டுக்காரர், கட்டிலில் உட்கார்ந்தபடி.

"உங்க மாப்பிள்ளைக்கு அப்படித் தோணலையே."

பிய்த்து எடுத்தபோது மடலில் ஒரு துண்டு தனியாக ஆடியது. தண்ணீர்க் குழாயடியில் நின்று கழுவினேன். கிளி அதற்குள் அவர் மார்பில் ஏறி, தாடிக்குள் அலகை விட்டு ஒவ்வொரு முடியாகக் கோதிக்கொண்டிருந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

அவர் சாரம் கட்டுகிறவர். கட்டடத்துக்கு வெளியே கழியும் கயிறுமாக ஏணி மாதிரி எழுப்புவார்களே, அந்த வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நாலாவது தட்டிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு மூன்று இடத்தில் விட்டுப்போனது. உலோகத் தகடு வைத்துக் கட்டினார்கள், எலும்பு கூடியது. மனுஷன் கூடவில்லை. ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாத்தி வைத்தோம், சாத்திய இடத்திலேயே நின்றது. நான் போகும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், வரும்போதும் அதே பக்கம். தட்டில் வைத்துவிட்டுப் போன சோறு ஈ மொய்த்துக் கிடக்கும். கேட்டால், "பசிக்கல" என்பார். ஐந்து மாசத்தில் அவர் என்னோடு பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தீப்பெட்டியில் அடங்கும்.

அப்போதுதான் அவரோடு சாரம் கட்டிய கூட்டாளி ஒருவர் இந்தக் கிளியைக் கூண்டோடு கொண்டுவந்து வைத்தார். வெள்ளையடிக்கப் போன வீட்டில் காலி பண்ணிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனதாம்.

"பயலுக்கு இன்னும் கழுத்துல வளையம் விழல. மூணு வயசானா ஆம்பளைக் கிளிக்கு சிவப்பா கருப்பா வளையம் வரும். அது வர்ற வரைக்காவது உயிரோட இருந்து பாருடா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்த அன்றே கூண்டுக்குள் கால் மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டு, வைத்த பழத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததைக் கேட்டது. "பொண்ணே பெறாத வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை," என்றேன் நான். அவர் சிரித்தார். ஐந்து மாசத்தில் முதல் சிரிப்பு. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு வீட்டில் பேச்சு வந்தது. கிளியோடுதான். என்றாலும் பேச்சுதான். சோற்றை மென்று உதட்டில் வைத்துக்கொள்வார், அது வந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு ஊட்டுகிற சாக்கில் அவரும் சாப்பிட்டார். கட்டிலுக்கடியில் அவருடைய பழைய இடுப்புப் பட்டையும் கயிறும் போட்டு வைத்த அட்டைப்பெட்டி இருந்தது. கிளி அதில் ஓட்டை போட்டு உள்ளே போய்விடும், மணிக்கணக்காக அட்டையைக் கிழித்துக்கொண்டிருக்கும். நான் துடைப்பத்தோடு குனிந்தால் பாயும். "அவனோட ஆபீசு அது, நீ ஏன் போற?" என்பார்.

மறுநாள் காதில் தையலோடு வேலைக்குப் போனேன். இஸ்திரி உருளையில் விரிப்பைக் கொடுக்கிற இடத்தில் என்னோடு நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர். மெஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது.

"என்னக்கா காது, எலி கடிச்ச ரொட்டி மாதிரி இருக்கு?"

"கிளி."

"கிளியா? வீட்டுக்காரர்னு சொன்னாலும் நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்."

"அவர் கடிச்சு வருஷமாச்சு, போடி."

அவள் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நம்மகிட்ட சலவைக்குத் துண்டு போடுற மிருக டாக்டரம்மா பின்தெருவுலதானே இருக்கு. கேளேன். சும்மா கிடந்தது ஏன் கடிக்குதுன்னு."

சனிக்கிழமை துண்டுக் கட்டைக் கொடுக்கிற சாக்கில் போனேன். டாக்டர் சின்ன வயசு. ஒரு பூனையைத் துடைத்து முடித்துவிட்டு என் காதைப் பார்த்தார். போனில் ரேடியோவுக்குக் காட்ட நான் எடுத்து வைத்திருந்த படம் ஒன்றை ஓட்டிக் காட்டினேன். என் வீட்டுக்காரர் மடியில் கிளி பம்மி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இறக்கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி நடுக்குகிறது. தலையைப் பின்னால் சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறது. கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிகிறது. அவர் கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரே இழுப்பாகத் தடவிக்கொடுக்கிறார். "கெஞ்சுறான் பாரு," என்று அவர் குரல் கேட்கிறது.

டாக்டர் படத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"இதுக்கு வளையம் வராதும்மா. இது பொண்ணு."

"மாப்பிள்ளைன்னுல்ல கூப்பிடுறோம்."

"கூப்பிடுங்க, அதுக்கு என்ன. ஆனா இது கெஞ்சல் இல்ல. துணைக்கு முன்னாடி பொட்டைக்கிளி இப்படித்தான் உக்காரும். கூட்டத்துல இருந்திருந்தா இன்னொரு கிளியைத் தேடிக்கும். உங்க வீட்டுல அதுக்குக் கிடைச்சது உங்க வீட்டுக்காரர். வாயில இருந்து ஊட்டுறாரா?"

"ஆமா."

"ஆண்கிளி அப்படித்தான் பொட்டைக்கு ஊட்டும். முதுகையும் வாலடியையும் தடவினா அதுக்கு அர்த்தம் வேற. இருட்டா ஒரு மூலை இருக்கணுமே, அங்க எதையாவது கிழிச்சுக்கிட்டு இருக்கணுமே."

அட்டைப்பெட்டியைச் சொன்னேன்.

"அப்ப எல்லாம் சரியா அமைஞ்சிருக்கு. அது குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கு. சாயங்காலம் நீங்க உள்ள வர்றீங்க. அது கணக்குல நீங்க இன்னொருத்தி." காதைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

முட்டை வைக்கப் போகிறது என்றார். ஆண் இல்லாமலே வைக்கும், குஞ்சு வராது. ஆனால் ஒவ்வொரு முட்டை ஓடும் அதன் எலும்பிலிருந்துதான் போகும். இன்றைக்கே பெட்டியை எடுத்துவிடுங்கள், தலையைத் தவிர வேறு இடத்தில் தொடாதீர்கள், வாயால் ஊட்டாதீர்கள், பொழுது சாய்ந்ததும் கூண்டை மூடி இருட்டாக்கிவிடுங்கள், சுண்ணாம்புச் சத்துக்குக் கடிக்க ஒரு கணவாய் மீன் ஓடு தொங்கவிடுங்கள் என்றார். வாசல் வரை வந்தவர் மறுபடி நிறுத்தினார்.

"ஒண்ணு முக்கியம். அதையும் மீறி வச்சிடுச்சுன்னா முட்டையை எடுக்காதீங்க. நாலு வச்சுட்டு அதுமேல உக்காந்து அலுத்துப்போய் அதுவே விட்டுடும். எடுத்தீங்கன்னா, குறையுதேன்னு மேல மேல வைக்கும். உடம்பு தாங்காது. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்லிடுறேன் டாக்டர்."

சொல்கிற எண்ணத்தோடுதான் மாடி ஏறினேன். கதவைத் திறந்தால் அவர் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் பக்கம், ஊன்றுகோல் இல்லாமல், சுவரில் ஒரு கை. கிளி திரைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"எட்டு அடி எடுத்து வச்சேன்," என்றார். "மாப்ள இறங்க மாட்டேன்னுட்டான். நான் வந்து கூப்பிடணுமாம். எண்ணிக்கிட்டேதான் வந்தேன், எட்டு."

முகம் வேர்த்திருந்தது. கல்யாணமான புதிதில் சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் வைக்கும்போது இருக்குமே, அந்த முகம்.

"டாக்டரம்மா என்ன சொல்லுச்சு?"

"காதுகிட்ட விடாதீங்கன்னுச்சு. நான் வர்ற நேரத்துக்குக் கூண்டுல போட்டுடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். தொடாதே என்றால் அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார் என்ற பயம் ஒன்று. அது பொய்யில்லை. அந்தக் கிளிக்கு நீங்கதான் புருஷன் என்று ஒரு மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது என்ற கூச்சம் ஒன்று. அதுவும் பொய்யில்லை. மூன்றாவது ஒன்று இருந்தது. விழுந்த நாளிலிருந்து அவர் கை என் மேல் பட்டதில்லை. இந்தத் தோளை ஒரு நாள் பிடித்துவிட்டதில்லை. நாள் முழுக்கத் தடவலை வாங்கிக்கொண்டு என் காதைப் பிய்க்கிற ஒன்றுக்காக நான் ஏன் மெனக்கெட வேண்டும் என்று இருந்தது. வைத்தால் வைக்கட்டும் என்று இருந்தது. முதல் இரண்டையும் யார் கேட்டாலும் சொல்லுவேன். மூன்றாவதை இங்கேதான் சொல்கிறேன்.

பத்து நாள் கழித்து வேலையிலிருந்து வரும்போது கட்டில் மேல் உள்ளங்கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளையாக ஒரு முட்டை, பெருவிரல் நுனியைவிடக் கொஞ்சம் பெரிது.

"மாப்பிள்ளை முட்டை போட்டிருக்கு," என்றார். "பொண்ணுடி இது. நமக்குப் பொண்ணு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"ஆண் இல்லாம குஞ்சு வராதுங்க."

"உனக்கு என்ன தெரியும்? ஜன்னல் திறந்துதானே கிடக்கு. எவன் வந்துட்டுப் போனானோ." கண்ணைச் சிமிட்டினார். "இது பெட்டியில உக்கார மாட்டேங்குது. பத்து நிமிஷம் உக்காந்துட்டு எங்கிட்ட ஓடி வந்துடுது. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். பிஸ்கட் டப்பாவில் பஞ்சை விரித்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். சூடு சரியாக இருக்கிறதா என்று முட்டையைக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தார். மூன்று மணிக்கு ஒரு தடவை புரட்டினார். சாரக் கயிற்றில் முடிச்சுப் போட்டு மூன்று ஆளைத் தாங்க வைத்த விரல்கள், அதைத் தொடும்போது பட்டும் படாமலும் தொட்டன. இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் பிறக்காத ஒன்றை அந்த டப்பாவில் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க பல்பு எரிந்தது. கிளிக்கு இருட்டே இல்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு முட்டை. ஒவ்வொன்றையும் எடுத்து டப்பாவில் சேர்த்தார். கிளி பெட்டிக்குள் போய்க் காலால் கிளறித் தேடும். ஒன்றும் இருக்காது. வெளியே வந்து அவர் காலடியில் பம்மும், அவர் முதுகைத் தடவுவார். "கவலைப்படாத, உன் புள்ளைங்க பத்திரமா இருக்கு," என்று மென்ற சோற்றை உதட்டில் நீட்டுவார்.

நாலாவது முட்டை அன்று சொன்னேன்.

"எடுக்காதீங்க. அதுங்கிட்டயே விடுங்க."

"ஏன்?"

ஏன் என்றால் டாக்டர் சொன்னார் என்று சொல்ல வேண்டும். எப்போது சொன்னார் என்பார். அப்புறம் ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்பார். சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதைக் கஷ்டமாக்கிக்கொண்டே வந்தது. ஈர விரிப்பு மாதிரிதான், விடவிட இன்னும் தண்ணீர் குடித்துக் கனத்தது.

"பாவமா இருக்கு, தேடுது," என்றேன்.

"தேடட்டும். குஞ்சா காமிச்சா சந்தோஷப்படும்."

நாலில் நின்றிருக்க வேண்டியது. ஐந்து வைத்தது, ஆறு வைத்தது. எனக்குக் கடைக்குப் போகத் தோன்றியது அப்போதுதான். கணவாய் ஓடு ஒன்று வாங்கிக் கூண்டில் கட்டினேன். "சும்மா கொத்தி விளையாடட்டும்," என்றேன். அது தொடவில்லை. என் கையால் கட்டியது என்று தெரிந்திருக்கும்.

ஏழாவது முட்டைக்கு ஓடே இல்லை. கொப்புளம் மாதிரி தோல்தான் இருந்தது. அவர் எடுத்தபோது விரலில் அமுங்கியது. "இது ஏன் இப்படி?" என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். எனக்குத் தெரியும் ஏன் என்று. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு ராத்திரி பல்பு உயிரை விட்டது. விடிந்து பார்த்தால் டப்பா சில்லென்று இருந்தது. வேறு பல்பு மாட்டினார். ஆனால் முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, கிளி கூண்டின் தரையில் கிடந்தது. இறகெல்லாம் உப்பி, கண் பாதி மூடி, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு முக்கியது. கால் இரண்டும் அதன் பேச்சைக் கேட்கவில்லை. நான் கையை உள்ளே விட்டேன். கடிக்கவில்லை. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் கையில் பேசாமல் இருந்தது. அதன் வயிற்றில் கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

"டாக்டர்கிட்ட கொண்டு போறேன்," என்றேன்.

"நானும் வரேன்."

"மூணு மாடிங்க."

ஊன்றுகோலை எடுத்தார். ஐம்பத்து நாலு படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். கிளியை என் மதியச் சாப்பாட்டுப் பையில் துண்டு சுற்றி வைத்திருந்தேன். நான் முன்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடினால் அவர் வருவதற்குள் டாக்டரோடு தனியாக நிற்க வேண்டும், வீட்டுக்காரரிடம் சொன்னீங்களா என்ற கேள்வி வரும். அவர் பக்கத்திலேயே மெதுவாக நடந்தேன். அவர் விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் பையைத் திறந்ததும் என்னைப் பார்த்தார். வெந்நீரில் ஒற்றி, எண்ணெய் தடவி, ஊசி போட்டு, என்னென்னவோ செய்தார். என் வீட்டுக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, மாப்ளே, இங்க பாரு," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். கிளி தலையை அவர் குரல் வந்த பக்கம் திருப்பி, கொஞ்சம் பின்னால் சாய்த்தது. ஆட்டப் பார்த்தது. அதோடு அடங்கிவிட்டது.

"எத்தனை வச்சது?" டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

"ஏழு. இது எட்டாவது," என்றார் அவர். "எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன் டாக்டர். நான் ஏதாச்சும் தப்பா செஞ்சுட்டேனா?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவப் போனபடி சொன்னார்:

"சில பறவைக்கு இப்படி ஆயிடும், ஐயா."

திரும்பிப் படியேற ஒரு மணி நேரமானது. இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். பை அவர் மடியில் இருந்தது.

"பல்பு போச்சுல்ல, அன்னிக்கு," என்றார். "குளிர் பட்டிருக்கும். முட்டைக்கும் பட்டிருக்கும், அதுக்கும் பட்டிருக்கும். நான் தூங்கிட்டேன். முழிச்சிருந்தா கவனிச்சிருப்பேன்."

நான் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

"இருக்கும்ங்க," என்றேன்.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. டப்பாவை அவர்தான் மூடிக் குப்பையில் போட்டார். இப்போது ஊன்றுகோலோடு கீழே தெருமுனை வரை போய்வருகிறார். ஒரு கிடங்கு வாசலில் உட்காருகிற காவல் வேலை கிடைத்திருக்கிறது. எலும்பு நன்றாகத்தான் கூடியிருக்கிறது. ஆனால் எதையும் கையில் வாங்க யோசிக்கிறார். கண்ணாடி டம்ளரை நீட்டினால், "அங்க வை, நான் எடுத்துக்கறேன்," என்கிறார். ரேடியோவின் தங்கை கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தபோது, வாங்கச் சொன்னதற்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கை சரியில்லம்மா. நான் பாத்துக்கிட்ட எதுவும் நிக்கல." அவள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள்.

வாரத்தில் ஒரு நாளாவது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கேட்டுவிடுகிறார்.

"அந்த பல்புனாலதானே?"

நேற்றும் கேட்டார். நேற்றும் "இருக்கும்ங்க" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

பல்பால் இல்லை. என்ன செய்யக்கூடாது என்று டாக்டர் முன்கூட்டியே ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. இதை நான் அவருக்குச் சொல்லக் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.